417-ஆம் வீட்டில் எல்லாம் வழக்கம்

ஜூன் 5, புதன்

பள்ளிக்கூட விண்ணப்பத்தில் "தாயாரின் தொழில்" என்ற இடத்துக்கு வந்ததும் இதழினி பேனாவை நிறுத்திக்கொண்டு கேட்டாள். "அம்மா, நீ என்ன வேலை பாக்கறேன்னு எழுதறது?"

"கால் சென்டர்னு எழுது கண்ணு" என்றார் அவள் அப்பா, சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே.

எனக்குச் சுருக்கென்றது. கால் சென்டர் இல்லை. சரவணம்பட்டியில் நான்காவது மாடியில் 'அருகில்' என்று ஒரு கம்பெனி. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, இங்கே தனியாக இருக்கும் பெரியவர்களின் வீடுகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. கேமரா கிடையாது. கதவில், ஃபிரிட்ஜில், அடுப்பில், கரண்ட் மீட்டரில் ஒவ்வொரு சென்சார். அறை மூலையில் ஆள் அசைந்தால் அறிய ஒன்று. கையில் ஒரு வாட்ச். இதெல்லாம் சேர்ந்து அந்த வீட்டின் பழக்கத்தை மெஷின் கற்றுக்கொள்கிறது. பால் எப்போது வேண்டும், மாத்திரை எப்போது தீரும் என்று அதுவே தெரிந்துகொண்டு ஆர்டர் போட்டுவிடும். பழக்கம் கொஞ்சம் மாறினால் என் திரையில் அந்த வீடு மஞ்சளாகும், ரொம்ப மாறினால் சிவப்பு. மஞ்சள் வந்தால் என் முன்னால் மூன்று பொத்தான்கள்: வழக்கம், பேசு, ஆள் அனுப்பு.

என் பொறுப்பில் நூற்றிருபது வீடுகள். ஒருவர் முகமும் தெரியாது. ஆனால் யார் வீட்டில் பேரனின் வீடியோ கால் வந்த அன்று விளக்கு தாமதமாக அணையும், யார் சர்க்கரை வியாதியோடு மத்தியானம் ஃபிரிட்ஜைத் திறந்து திறந்து மூடுவார் என்று எனக்குத் தெரியும். ஏழு மாதத்தில் என் சொந்தக்காரர்களைவிட அவர்களை நன்றாகத் தெரிந்துகொண்டேன்.

கடைசியில் "முதியோர் பராமரிப்பு" என்று எழுதச் சொன்னேன்.

ஜூன் 7, வெள்ளி

417-ஆம் வீடு மஞ்சள். வடவள்ளியில் இருக்கிறது. பூவராகன் ஐயா, எழுபத்தெட்டு வயது, நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி செங்கமலம் அம்மாவுக்கு எழுபத்திரண்டு. ஒரே மகள் சுகந்தி மெல்போர்னில். நேற்று ஒரே நாளில் ஃபிரிட்ஜ் நாற்பத்து மூன்று தடவை திறந்திருக்கிறது.

"பேசு" அழுத்தினேன். அம்மாதான் எடுத்தார்.

"அம்மா, அருகில்ல இருந்து கோகிலவாணி பேசறனுங்க. ஃபிரிட்ஜ் கதவு சரியா மூடுதுங்களா?"

"நல்லாத்தானே இருக்கு. நீ சாப்பிட்டியா?"

"ஆச்சுங்கம்மா."

"என்ன சாப்பிட்டே?"

தக்காளி சாதம் என்றேன். "அப்படியா" என்றார். பிறகு அதே குரலில், "நீ சாப்பிட்டியா?"

ஜூன் 8, சனி

ஐயாவே கூப்பிட்டார். என் பெயரைச் சொல்லி, என்னிடம்தான் பேச வேண்டும் என்று கேட்டு இணைப்பு வாங்கியிருக்கிறார்.

"கோகிலாம்மா, நேத்து நீங்க பேசினப்ப நான் கடைக்குப் போயிருந்தேன். அவளுக்கு ஞாபகம் தப்புது. ஒரு வருஷமா இப்படித்தான். என் பொண்ணுக்குத் தெரியாது."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா ஐயா?"

"காட்டி, மாத்திரையும் ஓடுது. விஷயம் சுகந்திக்கு மட்டும் போகக் கூடாது. போச்சுன்னா அடுத்த ஃப்ளைட்ல வந்து ரெண்டு பேரையும் ஒரு ஹோம்ல சேர்த்துட்டுத்தான் மறுவேலை பார்ப்பா. அவளைச் சொல்லிக் குத்தம் இல்லை, அவளுக்கு வேற வழி தெரியாது. ஆனா இவளை இந்த வீட்டை விட்டு எடுத்தா மிச்சம் இருக்கிறதும் போயிடும். கை இந்த வீட்டுக்குப் பழகியிருக்கு. இன்னைக்கும் ஆறு பத்துக்கு எழுந்து அடுப்பைப் பத்த வச்சு எனக்குக் காபி கொண்டு வர்றா. அதுல ஒரு நாள் தப்பினது இல்லை."

வீட்டின் நிறமும் நான் எழுதும் குறிப்பும் மகளின் செல்போன் ஆப்பில் தெரியும். வழக்கம் என்று அழுத்தினால் பச்சையாகிவிடும், காரணம் எங்கேயும் தெரியாது.

"சரிங்க ஐயா, என் வாயில வராது" என்றேன். அழுத்தினேன். புள்ளி பச்சையானது. அவர் இரண்டு தடவை நன்றி சொன்னார். எனக்கு நாள் முழுக்க மனசு நிறைந்திருந்தது.

ஜூன் 14, வெள்ளி

ஐயாவுக்கு வாட்ச் பட்டை அரிக்கிறதாம். கழற்றிக் கழற்றி மேஜையில் வைத்துவிடுகிறார். கழற்றும்போதெல்லாம் மஞ்சள். தினம் ஐந்தாறு தடவை வழக்கம், வழக்கம் என்று அழுத்திக்கொண்டே இருந்தேன். மெஷினும் பழகிக்கொண்டது. இப்போதெல்லாம் வாட்ச் கழன்றால் ஓரத்தில் ஒரு சாம்பல் கோடு வருகிறது, அவ்வளவுதான். ஃபிரிட்ஜுக்கும் மஞ்சள் வருவதில்லை.

வீட்டில் மிக்ஸி ரிப்பேர். சட்னி இல்லாமல் இட்லிப் பொடி.

ஜூன் 19, புதன்

டைட்டஸ் சார் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். என்னைவிட ஏழு வயது சின்னவர், நாகர்கோவில்காரர். நல்ல மனுஷன்.

"அக்கா, போன மாசம் நீங்க ஆள் அனுப்பினது ஒம்பது. அதுல நாலு வீண். கணபதியில அந்தப் பெரியவர் பஞ்சை காதுல வச்சிட்டுத் தூங்கியிருக்காரு, நம்ம ஆள் தாழ்ப்பாளை உடைச்சிட்டான். மகன் துபாய்ல இருந்து சாடுறான்."

"போனை எடுக்கலைங்க சார். நான் என்னன்னு நினைக்கிறது?"

"நீங்க செய்தது தப்புன்னு சொல்லலை. ஊர் முழுக்க ஓடுறதுக்கு நமக்கு மூணே ஆளு. ஒரு ஆளை ஒரு வீட்டுக்கு வீணா அனுப்பினா இன்னொரு வீட்டுக்கு இல்லாமப் போகும். இன்னும் ஒண்ணு இப்படி ஆச்சுன்னா மேல கேப்பாங்க. பாத்துக்கிடுங்க. சந்தேகம்னா முதல்ல பேசுங்க, வீட்டுல ஒருத்தர் பேசிட்டா போதும், மூடிடலாம்."

தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஜூன் 20, வியாழன்

இன்று ஆள் அனுப்பவில்லை.

ஜூன் 27, வியாழன்

417-க்கு வேலையே இல்லாமல் ஒரு போன் போட்டேன். இப்படிப் போடக் கூடாது. ஐயாதான் எடுத்தார். செங்கமலம் அம்மா துவைத்த துணியைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருக்கிறாராம். "கலைச்சுக் கலைச்சு நான் குடுக்கிறேன், அவ மடிக்கிறா. ரெண்டு பேருக்கும் பொழுது போகுது" என்று சிரித்தார்.

"உங்களுக்கு உடம்பு எப்படி ஐயா?"

"எனக்கென்ன. நேத்து வாசப்படி ஏறும்போது இடது கால் கொஞ்ச நேரம் மரத்துப் போச்சு. அப்புறம் சரியாயிடுச்சு."

"டாக்டரைப் பாத்துருங்க."

"இவளை யார்கிட்ட விட்டுட்டுப் போறது? பார்க்கலாம்."

இதையும் குறிப்பில் போடவில்லை. போட்டால் எல்லாமே தெரிந்துவிடும்.

ஜூலை 3, புதன்

தங்கை சுமித்ராவுக்கு வரும் புதன் வளைகாப்பு, உடுமலையில். ஆடி பிறப்பதற்குள் முடிக்கிறார்கள். அம்மா இல்லாத வீடு, எல்லாம் நான்தான் செய்ய வேண்டும். செவ்வாய் நாலு மணிக்குப் பெர்மிஷன், புதன் லீவு. டைட்டஸ் சார் முகம் சுளிக்காமல் கொடுத்தார். டவுன்ஹாலில் இதழினியோடு போய் வளையல் வாங்கினேன். பச்சையா சிவப்பா என்று ஒரு மணி நேரம்.

ஜூலை 8, திங்கள்

மழை. மதியம் கரண்ட் போய் முப்பது வீடுகள் ஒரே சமயத்தில் மஞ்சள். தலைவலி. 417-இல் காலையில் இருந்து சாம்பல் கோடு, வாட்ச் கழற்றிவிட்டார். மற்றபடி பச்சை.

ஜூலை 9, செவ்வாய் (உடுமலை பஸ்ஸில்)

எழுத்து ஆடுகிறது. பஸ் கிடைத்ததே பெரிது. நாலு மணிக்குள் எல்லாம் முடித்துக் கிளம்பிவிட்டேன். மூன்று மணிக்கு மேல் 417 மட்டும் மஞ்சள் ஆனது. ஒரே நேரத்தில் இரண்டு அறைகளில் அசைவு முப்பது மணி நேரமாக இல்லையாம். ஐயா செல்போனை எடுக்கவில்லை. வீட்டு போனுக்கு அடித்தேன், மூன்றே காலுக்கு அம்மா எடுத்தார். "அவர் தூங்குறார்" என்றார். எழுபத்தெட்டு வயதில் மத்தியானம் தூங்கினால் என்ன. வழக்கம்.

வளையல் பெட்டி மடியில் இருக்கிறது. ஏழு வகை சாதத்துக்குப் புளி காய்ச்சி வைத்திருப்பார்களா தெரியவில்லை.

ஜூலை 10, புதன்

சுமித்ரா அரக்கு நிறப் பட்டில் அம்மா மாதிரியே இருந்தாள். கன்னத்தில் சந்தனம் பூசும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லோரும் அம்மாவை நினைத்து என்று நினைத்துக்கொண்டார்கள்.

மத்தியானம் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டேன். என் இடத்தில் நித்திலா இருந்தாள்.

"417 என்னாச்சு?"

"காலைல மறுபடி மஞ்சள்க்கா. போன் பண்ணினேன், அந்தம்மா எடுத்தாங்க. ஐயா தூங்குறாராம். நேத்து நீங்களும் அதே எழுதியிருந்தீங்களே, நானும் மூடிட்டேன்."

"சரி" என்றேன்.

வளைகாப்பு வீட்டில் என்னக்கா முகம் இப்படி இருக்கு என்று சுமித்ரா கேட்டாள். வெயில் என்றேன்.

ஜூலை 11, வியாழன்

காலையில் போனதும் ஆள் அனுப்பினேன்.

ஜூலை 12, வெள்ளி

நேற்று எழுத முடியவில்லை.

ஒன்பதரைக்கு 417-க்கு அடித்தேன். அம்மா எடுத்தார். "ஐயாவைக் கூப்பிடுங்கம்மா, ஒரே நிமிஷம்" என்றேன். "தூங்குறார். மூணு நாளா அசதி" என்றார். நாளைச் சரியாக எண்ணிச் சொன்னார். போனை வைத்ததும் ஆள் அனுப்பு என்று அழுத்தினேன்.

எங்கள் மூன்று ஆட்களில் ஒருவனான கந்தவேலு பதினொன்றுக்குப் போய்ச் சேர்ந்தான். கதவைத் தட்டியதும் அம்மாவே திறந்து, மெதுவா வாப்பா, அவர் தூங்குறார் என்றாராம். படுக்கையறையில் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் ஐயா தரையில் கிடந்திருக்கிறார். தலைக்குக் கீழே தலையணை, கழுத்து வரை போர்வை. தலைமாட்டில் மூன்று டம்ளர் காபி. மூன்றிலும் ஏடு கட்டி, முதல் டம்ளர் பூஞ்சை பிடித்து.

ஆறு பத்துக்கு அடுப்பு எரிந்தது என்று திரையில் மூன்று நாளும் பச்சையாகத்தான் காட்டியது.

கந்தவேலு போனில் அழுதான். ஆறடி மனுஷன். "அக்கா, என்னைப் பார்த்து அந்தம்மா கேட்டாங்க, உனக்கும் காபி போடட்டுமான்னு."

ஜூலை 13, சனி

பிரேதப் பரிசோதனை முடிந்ததாம். பக்கவாதம். திங்கள் காலை விழுந்திருக்கிறார், இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. உயிர் போனது செவ்வாய் இரவு, இல்லை புதன் விடியல் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். டைட்டஸ் சார் இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

பத்து மணிக்கு 417-இல் வாசல் கதவு திறந்ததாகக் காட்டியது. என்னவென்று பார்த்தால், ஐயாவின் ரத்த அழுத்த மாத்திரை. தீரப் போகிறது என்று மெஷின் ஆர்டர் போட்டிருக்கிறது. ஒரு மாதத்துக்கானது. அம்மாவுக்குத் துணையாக இருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்தாராம்.

ஜூலை 15, திங்கள்

கூட்டம். மேலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் வக்கீல். நடந்ததை வரிசையாகத் திரையில் போட்டார்கள். செவ்வாய்: எச்சரிக்கை, தொலைபேசி அழைப்பு, குடும்ப உறுப்பினர் உறுதி செய்தார், மூடப்பட்டது. புதனும் அப்படியே. வியாழன்: ஆள் அனுப்பப்பட்டது.

"விதிமுறை எல்லாமே பின்பற்றப்பட்டிருக்கு" என்றார் வக்கீல். "மனைவிக்கு ஞாபக மறதி இருந்ததைக் குடும்பம் நம்மகிட்ட சொல்லவே இல்லை. மகளுக்கே தெரியாது. நமக்கு எப்படித் தெரியும்?"

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

ஜூலை 17, புதன்

சுகந்தி வந்தார். ஞாயிறு தகனம் முடிந்திருக்கிறது. ஐம்பது வயது இருக்கும், பருத்திப் புடவை, தூங்காத கண். டைட்டஸ் சாரிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "எங்கம்மாகிட்ட பேசினவங்களை நான் பார்க்கணும்."

என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். எழுந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அப்பா உங்களைப் பத்திச் சொல்லியிருக்கார். கோகிலான்னு ஒரு பொண்ணு இருக்கு, குரல்லயே அக்கறை தெரியும்னு. அம்மா இப்படி ஆனதை என்னாலயே கண்டுபிடிக்க முடியல, வாரம் ஒரு தடவை வீடியோல பார்த்தும். அப்பா பக்கத்துல உக்காந்து எல்லாத்துக்கும் எடுத்துக் குடுத்திருக்கார்னு இப்பதான் புரியுது. நீங்க எப்படிக் கண்டுபிடிப்பீங்க? கடைசியா அந்த வீட்டுக்குள்ள பேசின மனுஷக் குரல் உங்களோடதுதான். அதுக்கு ஒரு நன்றி சொல்லணும்னுதான் வந்தேன்."

டைட்டஸ் சார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. "பரவாயில்லைங்க" என்று சொன்னேன் போலிருக்கிறது. பரவாயில்லையாம்.

ஜூலை 18, வியாழன்

சோறு இறங்கவில்லை. இதழினி அப்பா கேட்டார். "உன் தப்பு என்ன அதுல? அந்தம்மாவே தூங்கறாருன்னு சொல்லிருச்சு. ஜோசியமா பாப்ப?"

"இல்லைங்க."

"அப்பறம் என்ன? நாலு நாள் லீவு போடு."

அவருக்கு இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. இந்த நோட்டுக்கும் சொல்லவில்லை.

ஜூலை 20, சனி

எழுதிவிடுகிறேன்.

அம்மாவுக்கு மறதி இருப்பது கம்பெனியில் ஒரே ஒருத்திக்குத் தெரியும். நித்திலாவுக்குத் தெரியாது, அதனால் அந்தப் பேச்சை அவள் நம்பினாள். எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே "குடும்ப உறுப்பினர் உறுதி செய்தார்" என்று எழுதினேன்.

இன்னொன்றும் இருக்கிறது. செவ்வாய் மூன்றே காலுக்கு அம்மா பேசிக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு சத்தம் கேட்டது. நீளமாக, அடங்கி, மறுபடி. "என்னங்கம்மா சத்தம்?" என்று கேட்டேன். "அவர் தூங்குறார்" என்றார். டிவியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

நினைத்துக்கொள்ளவில்லை. என் முன்னால் திரையில் 417-இன் கரண்ட் கணக்கு திறந்துதான் இருந்தது. ஃபிரிட்ஜ் ஓடுகிறது. முன்னறை மின்விசிறி ஓடுகிறது. டிவி அணைந்திருக்கிறது. பார்த்தேன். பார்த்துவிட்டு மேலே மணியைப் பார்த்தேன். மூன்று இருபது. ஆள் அனுப்பினால் அவன் போய்ப் பார்த்துத் தகவல் சொல்லும் வரை நான் இருக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது. ஐந்தரை ஆகியிருக்கும். பஸ் போயிருக்கும். அது வீணாகப் போனால் டைட்டஸ் சார் மறுபடி கூப்பிடுவார்.

வழக்கம் என்று அழுத்தினேன். வளையல் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஜூலை 23, செவ்வாய்

டைட்டஸ் சாரிடம் சொன்னேன். அவருக்குத் தெரிந்திருக்கிறது. ரெக்கார்டிங்கைக் கேட்டிருக்கிறார்.

"அந்தச் சத்தம் கேக்குதுக்கா" என்றார். "கேக்கலன்னு எழுதிக் குடுத்துட்டேன். உங்களுக்காகன்னு நினைச்சுக்கிடாதீங்க. எனக்கும் சேத்துத்தான். வீட்டுல ஒருத்தர் பேசிட்டா மூடலாம்னு சொன்னது நானு."

நான் எழுந்தேன். உட்காரச் சொன்னார்.

"இன்னொண்ணும் உங்களுக்குத் தெரியணும். மேல உள்ளவங்க 417-ஐ மறுபடி மெஷின்ல ஓட்டிப் பாத்தாங்க. நீங்க ஒரு மாசமா அழுத்தின வழக்கத்தை எல்லாம் எடுத்துட்டு. அறுபத்தெட்டு தடவை அழுத்தியிருக்கீங்க."

"எடுத்தா?"

"திங்கக்கிழமை காலையில ஒம்பது நாப்பதுக்கே சிவப்பு."

திங்கள் காலை. விழுந்து மூன்று மணி நேரம்கூட ஆகியிருக்காது. மெஷினுக்குத் தெரிந்திருக்கும். தெரியாமல் இருக்க நான்தான் கற்றுக் கொடுத்திருக்கிறேன், ஒவ்வொரு பொத்தானாக, பெரியவர்களுக்கு உதவி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு.

"இப்ப புதுசா ஒரு பாடம் சேத்திருக்காங்க" என்றார். "தம்பதி இருக்கிற வீட்டுல பகல்ல ரெண்டு பேர் அசைவு ஆறு மணி நேரம் இல்லைன்னா சிவப்பு. யாரும் அணைக்க முடியாது. இனிமே இப்படி நடக்காதுக்கா."

ஆறுதலாகத்தான் சொன்னார். கம்பெனி பார்க்கும் மூவாயிரம் வீடுகளுக்கு நல்லதுதான்.

ஜூலை 26, வெள்ளி

வேலையை விட்டுவிட்டேன். பேசியதை வெளியே சொல்லக் கூடாது என்று சேரும்போது போட்ட கையெழுத்தை வக்கீல் எடுத்துக் காட்டினார். படித்துப் பார்த்தேன். என் கையெழுத்துதான்.

ஜூலை 28, ஞாயிறு

இதழினி அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வடவள்ளிக்குப் போனேன். கிளம்பும்போது அவரும் சட்டையை எடுத்து மாட்டினார். பிறகு, "நான் வரட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன்.

இதற்கு முன் அந்த வீட்டைப் பார்த்ததே இல்லை. சின்ன வீடு, மஞ்சள் சுண்ணாம்பு, ஒரு செம்பருத்திச் செடி. அந்த வீட்டின் ஒவ்வொரு கதவும் எனக்கு மனப்பாடம். சுகந்தி கேட்டருகில் வந்து, "வாங்க" என்றார். உள்ளே போகவில்லை. நின்றபடியே சொன்னேன். ஜூன் எட்டாம் தேதியில் இருந்து ஆரம்பித்தேன். சத்தம் வரைக்கும், டிவி வரைக்கும், பஸ் வரைக்கும் சொன்னேன்.

குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்ததும் சத்தம் போடுவார், அடிப்பார் என்று நினைத்தேன். அதற்குத்தான் போயிருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

"என்கிட்ட சொல்ல வேண்டாம்னு அப்பாவே கேட்டாரா?"

"ஆமாங்க."

"என்ன சொல்லிக் கேட்டார்? அப்படியே சொல்லுங்க."

சொன்னேன். அடுத்த ஃப்ளைட், ஹோம், மறுவேலை. சொல்லும்போதே நிறுத்தியிருக்க வேண்டும் என்று தெரிந்தது. நிறுத்தவில்லை.

"என்னைப் பார்த்து அவ்வளவு பயந்தாரா" என்றார். கேட்டைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார். அப்பா இறந்ததற்கு அவர் அழுததை நான் பார்க்கவில்லை. இதற்கு அழுதார். என் பாரத்தை இறக்கி வைக்க வந்தவள், அதை அவர் தலையில் ஏற்றிவிட்டு நின்றேன்.

உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்தது. செங்கமலம் அம்மா வாசலுக்கு வந்தார். போனில் கேட்டதைவிடச் சின்ன உருவம். புடவை ஈரம், சிக்குப் பிடித்த தலை. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

சுகந்தி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "அஞ்சு நாளா குளிக்கலை. யாரோ திருடின்னு நினைச்சு என்னை அடிக்கிறாங்க. ஒத்தை ஆளா முடியல." கொஞ்சம் நிறுத்திவிட்டு, என்னைப் பார்க்காமல், "ஒரு கை பிடிக்கிறீங்களா" என்றார்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். நான் அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன், சுகந்தி தண்ணீர் ஊற்றினார். முதல் சொம்புக்கு அம்மா கத்தினார், என் மணிக்கட்டைக் கடித்தார். பிறகு தளர்ந்து போய் ஸ்டூலில் உட்கார்ந்தார். சுகந்தி தலைக்குச் சீயக்காய் தேய்த்தார், நான் முதுகு தேய்த்தேன். துவட்டி, வெளுத்த புடவை கட்டி, ஜடை பின்னினோம். கண்ணாடியைப் பார்த்து, "யாரு இது, நல்லா இருக்காளே" என்றார் அம்மா.

கொல்லையில் ஈரப் புடவையைப் பிழிந்து கொடியில் போட்டுக்கொண்டே சுகந்தி சொன்னார்.

"செவ்வாய்க்கிழமை மூணு இருபதுன்னா எங்களுக்கு ராத்திரி ஏழு அம்பது. வேலை முடிஞ்சு வந்து ஆப்பைத் திறந்தேன். மஞ்சளா இருந்துச்சு. போன் பண்ணலாம்னு நம்பரை எடுத்தேன். எடுக்கும்போதே பச்சையாயிடுச்சு. சரி, யாரோ பாத்துட்டாங்கன்னு வச்சுட்டேன்."

புடவையின் சுருக்கத்தை இரண்டு முனையிலும் இழுத்து நீவிவிட்டார். நான் மறுமுனையைப் பிடித்தேன்.

"நீங்க வந்து சொன்னதுக்கு நான் கோபப்படலை" என்றார். "ஆனா இனிமே வராதீங்க. உங்க குரலைக் கேட்டா எனக்கு அந்தப் பச்சைதான் தெரியுது."

சரிங்க என்று சொல்ல வாய் திறந்தேன். பிறகு பேசாமல் தலையை மட்டும் அசைத்துவிட்டு வந்தேன்.